அதியமான்கோட்டை பக்கம் சாயங்கால டவுன் பஸ் வராததுக்கு என்ன செய்யலாம்

வணக்கம் சகோதரி. அதியமான்கோட்டையைத் தாண்டி இருக்கற உங்க நகருக்கு ஏழு மணி டவுன் பஸ் பாதி நாள் வர்றதில்லை, காலேஜ் விட்டு வர்ற பொண்ணு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறா, சேலம் பஸ்ல ஏறினா "அங்கெல்லாம் நிக்காது"ன்னு இறக்கி விடறாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் கோபம்தான் வந்தது.

புது பஸ் கேக்காதீங்க. வண்டி இல்லை, ஆள் இல்லைன்னு பதில் வந்துடும். ஏற்கனவே அட்டவணையில இருக்கற நடை ஏன் ஓடலைன்னு கேளுங்க. அதுக்கு முதல்ல தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு: அந்தத் தடத்தோட கால அட்டவணை, கடந்த 3 மாசத்துல ரத்தான நடைகள், அதுக்கான காரணம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். 30 நாளுக்குள்ள பதில் தந்தாகணும்.

அந்தப் பதிலோட திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்க, தெருப் பெண்களையும் கூட்டிட்டு. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ்ஸே வராட்டி ஷேர் ஆட்டோவுக்குக் காசு அழறது அவங்கதானே? இதை மனுவுலயே எழுதுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்காம வெளிய வராதீங்க.

அதுவரைக்கும் பஸ் வராத தேதியை எல்லாம் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, கூட நின்னவங்க கையெழுத்தோட.