“யாரு வீட்டுக்குய்யா வந்திருக்க?”

அன்புள்ள சார்,

பறவைப் படங்கள் எடுக்க ஆரம்பித்து மூன்று வருடங்கள் ஆகின்றன. வெளிச்சம் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்பதுவரை பார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். நினைத்த படம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் நீங்கள் எழுதுவதுபோல வழியில் ஒரு மனிதர், ஒரு எதிர்பாராத சம்பவம் என்று எனக்கு எதுவும் அமைவதில்லை. திட்டம் போடாமல் போனால்தான் அதெல்லாம் நடக்குமா? அடுத்த மாதம் வேடந்தாங்கல் போகிறேன்.

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

திட்டத்தை விட வேண்டாம். பறவை எடுப்பவருக்கு வெளிச்சக் கணக்கு இல்லாமல் முடியாது. நானும் அப்படித்தான் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரியில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போயிருந்தேன். வரித்தலை வாத்துக்காக. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அன்றைக்கு மொத்தக் கூட்டமும் எதிர்க்கரையில். ஒன்பதரைக்கெல்லாம் தண்ணீர்மேல் கானல் ஆட ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு நல்ல லென்ஸானாலும் கானலுக்குள் படம் தெளியாது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். சரி என்று ஊருக்குள் நடந்தேன்.

திண்ணையில் ஒரு ஆச்சி. “யாரு வீட்டுக்குய்யா வந்திருக்க?” என்றார்.

கேமராவோடு கிராமத்துக்குள் போகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. “சும்மா, போட்டோ எடுக்க” என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டுவோம். நானும் பல வருடங்கள் அதைத்தான் செய்தேன். அன்று உட்கார்ந்து, எந்த ஊர், என்ன பறவை, ஏன் கிடைக்கவில்லை என்று முழுதாகச் சொன்னேன். “பறவைதான? வா” என்று புறவாசலுக்குக் கூட்டிப்போனார்.

வேப்பமரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். தரை, துவைக்கிற கல், கூரை ஓடு எல்லாம் எச்சத்தில் வெளுத்துக் கிடந்தன. வாடை தாங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பறவை வருவது ஊருக்கு நல்லது என்கிறார்கள். எச்சம் ஊறிய குளத்து மண் வயலுக்கு உரம். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

பழைய கூடை ஒன்றில், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. “இதக் கொஞ்சம் பிடி” என்று என் கையில் வைத்துவிட்டு ஆச்சி மீன் எடுக்கப் போனார். இறகு சரியாக முளைக்காத உடம்பு, அப்படி ஒரு சூடு. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கையில் குஞ்சு இருந்ததால் அதைப் படம் எடுக்க முடியவில்லை. பஸ்ஸும் போயிற்று. மத்தியானச் சாப்பாடு ஆச்சி வீட்டில்தான். அப்புறம் இரண்டு முறை அந்த ஊருக்குப் போனேன். ஆச்சியைப் பார்க்கவே போனேன்.

உங்களிடமும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் வெளிச்சம் போய்விடும் என்ற அவசரத்தில் இருந்திருப்பீர்கள். காலை வெளிச்சத்துக்கு ஓடுங்கள், தப்பில்லை. பத்து மணிக்கு மேல் ஏன் ஓட வேண்டும்?

பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். ஏரிக்கரையோடு திரும்பிவிடாதீர்கள். காலை வேலை முடிந்ததும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, ஏரித் தண்ணீர் பாயும் வயல் பக்கம் இறங்கி நடங்கள். வரப்பில் யாராவது நின்று கேட்பார்கள்.