தண்டனையைக் குறைக்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய இலவச வக்கீல் கிடைப்பாரா?

கேள்வி: தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் என் சித்தப்பாவுக்கு 7 வருஷம் போட்டுவிட்டார்கள். திருச்சி மத்தியச் சிறையில் இருக்கிறார். செய்ததை அவர் மறுக்கவில்லை, தண்டனை குறைந்தால் போதும். இதற்கும் இலவச வக்கீல் உண்டா, நாமே மனு எழுதிப் போட வேண்டியதுதானா?

பதில்: கும்பகோணத்தில் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு மாதம் ஒருவராவது வந்துவிடுவார்.

உண்டு. தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்தாலும் அது மேல்முறையீடுதான். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்ப்பதில்லை. சித்தப்பா பேரில் ரெண்டு மா நிலம் இருக்கிறதே என்று யாராவது இழுத்தால் காதில் வாங்காதீர்கள்.

தீர்ப்போடு இலவச வக்கீல் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1978லேயே ஹோஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகல் கைக்கு வரவில்லை என்று சொல்லி, நாலு வருஷத்துக்கும் மேல் தாமதமாக அங்கே வந்த கைதிதான் ஹோஸ்கோட். நகலைக் கொடுத்ததற்கு அவர் கையெழுத்தும் இல்லை. கைதிக்கு நகல் இலவசமாகப் போய்ச் சேர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வசதியில்லாதவருக்கு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அந்த மனுதாரரின் மனு என்னவோ தள்ளுபடிதான்!

சிறை அதிகாரி மூலமாகச் சித்தப்பாவே மனு அனுப்பலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஜட்ஜ் கேட்கும்போது, கூண்டில் நிற்பவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "புள்ளைகுட்டிக்காரன் ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்பார். அவ்வளவுதான் பதிவாகும். சிறையிலிருந்து எழுதும் மனுவிலும் அதே வரிதான் இருக்கும். வக்கீல் வேறு மாதிரி போவார். முன்பு வழக்கு எதுவும் இல்லை, அடி திட்டமிட்டது இல்லை, காயம்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தாயிற்று, வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிற மனைவி, இதோ ஆஸ்பத்திரிச் சீட்டு என்று காகிதத்தோடு வைப்பார். ரிமாண்டில் இருந்த நாட்கள் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்ப்பார். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் கூடவே போடுவார்.

ஒன்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: அது குறைந்தபட்சத் தண்டனை உள்ள பிரிவா? வரதட்சணை மரணத்துக்கு 7 வருஷம்தான் அடிமட்டம். அப்படிப்பட்ட பிரிவு என்றால் தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லிப் பிரயோஜனமில்லை, தீர்ப்பையே எதிர்க்க வேண்டியிருக்கும். அண்ணா பிறந்தநாளை ஒட்டி அரசு செய்யும் முன்விடுதலை வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில், கெடு 60 நாள். நகல் வாங்க ஆகும் நாட்கள் இதில் சேராது. கெடு தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனு உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் நீங்கள் போக வேண்டியது மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம்காரர்கள்தான் சென்னைக்கு ஓட வேண்டும். அடுத்த நேர்காணலில் சித்தப்பாவிடம் சொல்லி, சிறையில் உள்ள சட்ட உதவி மையத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தஞ்சாவூர் கோர்ட்டில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இன்னொன்று கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100க்கு போன் போடலாம்.