திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து என் அம்மாவை (வயது 68, முழங்கால் வலி உண்டு) யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போகிறேன். திருச்சியிலிருந்து தூரம் ஒரு இணையதளத்தில் 114 என்றும் இன்னொன்றில் 184 என்றும் இருக்கிறது. டிக்கெட்டில் பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி. எது சரி? எப்போது கிளம்பினால் போதும்?

பதில்: இரண்டு எண்ணும் ஒரே தூரம்தான். 114 என்பது மைல், 184 என்பது கிலோமீட்டர். சில தளங்களில் 99 என்றும் பார்ப்பீர்கள்; அது கடல் மைல். திருச்சிக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கும் நேர்கோடு போட்டால் அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும். அதற்கப்புறம் பலாலி வரை பாக் நீரிணைதான். பாதிக்கு மேல் கடல்.

இந்தத் தடத்துக்கு ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விசிறி விமானம் போடுகிறார்கள். அது மேலே நிலையாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் 22 நிமிடம்தான் வர வேண்டும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்கும். ஓடுபாதை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அதற்கேற்பச் சுற்றி வந்துதான் இறங்க வேண்டும். என் மதிப்பில் வானத்தில் இருப்பது 35, 40 நிமிடம். மீதி, தரையில் ஊர்ந்து போகும் நேரமும் தாமதத்துக்கு விட்டுவைத்த இடைவெளியும். டிக்கெட்டில் போடுவது, நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரையிலான நேரம். இலங்கைக்கும் நமக்கும் இப்போது ஒரே கடிகாரம். 1996 முதல் 2006 வரைதான் வித்தியாசம் இருந்தது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த ஒரு மணியைப் பற்றி அல்ல. தூரம் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். தஞ்சாவூரிலிருந்து காரில் ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ளுங்கள். பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும். ஆக, வீட்டு வாசலிலிருந்து கல்யாண வீடு வரை ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் இ.டி.ஏ. அனுமதியை வீட்டிலேயே எடுத்து, தாளில் அச்சடித்துக் கையில் வையுங்கள்.

அம்மா விஷயத்தில் ஒன்று. இந்த விமானத்தில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறுவார்கள். அந்தக் கதவே கீழே மடிந்து படிக்கட்டாகும்; படிகள் குறுகல், முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த நாலைந்து படியே பெரும்பாடு. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். சாய்தளம் உண்டா என்றும் விசாரியுங்கள். தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது. பட்டுப்புடவைப் பெட்டியைச் செக்-இன்னில் போட்டுவிட்டு, மருந்துப் பையை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், இருக்கைகள் பக்கத்துக்கு இரண்டுதான். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்வையை மறைக்காது. அம்மாவுக்கு ஜன்னல் இருக்கை வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.