பெர்த்துல பழைய பிராடோ: டீசலா, பெட்ரோலா?

வணக்கமுங்க தம்பி. பெர்த் வந்து மூணு மாசம் ஆச்சு, ஆபீஸ் ஏழு கிலோமீட்டர், குழந்தைக ஸ்கூல் அதைவிடப் பக்கம், லீவு விட்டா லான்சலின் மணல்மேட்டுக்கும் மார்கரெட் ரிவருக்கும் போகோணும்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு டொயோட்டா பிராடோ ரெண்டு பார்த்திருக்கீங்க: 2016 மாடல் 2.8 லிட்டர் டீசல், 2014 மாடல் 4.0 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) பெட்ரோல். டீசல் 6,000 டாலர் அதிகம். சங்ககிரியில லாரி வச்சிருக்கிற உங்கப்பா டீசலைத் தவிர வேற எதையும் தொடாதேங்கறார். எது சரின்னு கேட்டிருக்கீங்க.

உங்க ஓட்டத்துக்குப் பெட்ரோல் வாங்குங்க. அப்பா சொல்றது தப்பில்லைங்க. அவர் லாரி ஓடற ஓட்டம் வேற, நீங்க ஓட்டப்போறது வேற.

முதல்ல விலை. நம்மூர்ப் பங்க்ல டீசல் லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபா குறைவு. அந்தக் கணக்கு இங்க எடுபடாது. ஆஸ்திரேலியாவுல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஒரே எக்சைஸ் வரி. பம்புல பார்த்தா பெரும்பாலும் டீசல்தான் 91 பெட்ரோலைவிட (91 ஆக்டேன், இங்க சாதாரணப் பெட்ரோல்) அதிகமா நிக்கும். அதுபோக, பெர்த்துல பெட்ரோல் விலை வாரச் சுற்றா ஏறி இறங்கும். ஃபியூவல்வாட்ச்னு அரசாங்க விலைத் தளம் இருக்குது, அதுல நாளைக்கு என்ன விலைன்னு முந்தின நாளே தெரிஞ்சிரும், இறங்கற நாள் பார்த்து டேங்கை நிரப்பிக்கலாம். டீசலுக்கு அந்த மாதிரி இறக்கம் வர்றதில்லை.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர்னு வைங்க. ரோட்டுல நிஜமா வி6 நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கும், 2.8 டீசல் 10 லிட்டர். பெட்ரோல் 1,680 லிட்டர், டீசல் 1,200 லிட்டர். லிட்டர் 1.80, 1.95 டாலர்னு வச்சா 3,024 டாலரும் 2,340 டாலரும் ஆகுது. மிச்சம் 684 டாலர். கூடக் கொடுக்கிற 6,000 திரும்பி வர ஒன்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகும். இதே 30,000 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு மூணரை வருஷத்துல வந்துரும். விக்கும்போது டீசலுக்குக் கூட விலை கிடைக்கும்ங்கறது உண்மைதான், அதனால அந்த 6,000 முழுசும் போச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா நடுவுல ஒரே ஒரு பெரிய ரிப்பேர் வந்தா அந்த லாபம் காணாமப் போயிரும். அந்த ரிப்பேர் எங்கிருந்து வரும்னுதான் இப்பச் சொல்லப்போறேன்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியைப் பார்த்திருப்பீங்க. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினா மணிக்கணக்கா லோடுலயே நிக்கும். சங்ககிரி லாரியும் அப்படித்தான், கிளம்பினா நிக்காம நூத்துக்கணக்கான கிலோமீட்டர். டீசல் என்ஜினுக்குத் தோதான வேலை அதுதான்: நல்லாச் சூடேறி, அந்தச் சூட்டுலயே நீண்ட நேரம் ஓடறது. ஏழு கிலோமீட்டர்ல டீசல் என்ஜின் சரியாச் சூடுகூட ஆகாது.

பழைய பொலிரோ, சுமோ காலத்துல சூடாகாம ஓடினாலும் கரும்புகையாத் தள்ளிட்டுப் போயிரும். 2.8 பிராடோவுல சைலன்சர் லைன்ல டி.பி.எஃப். இருக்குதுங்க, கரியைப் பிடிச்சு வைக்கிற பீங்கான் ஃபில்டர், உள்ளே தேன்கூடு மாதிரி. கரி சேரச்சேர, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருக்கா வண்டி தானா அதை எரிக்கும். அதுக்குச் சுமார் 600 டிகிரி சூடு வேணும். இந்த என்ஜின்ல நாலு சிலிண்டருக்கு டீசலைத் தூவற நாலு இன்ஜெக்டர் போக, சைலன்சர் பக்கம் அஞ்சாவதா ஒரு இன்ஜெக்டர் இருக்குது. அது டீசலைத் தூவி அந்தச் சூட்டை உண்டாக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல இருபது நிமிஷமாவது நிக்காம ஓடினா வேலை ஒழுங்கா முடியும். எரிச்சுட்டு இருக்கும்போதே ஸ்கூல் வாசல்ல வண்டியை ஆஃப் பண்ணினா பாதியில நிக்கும். தினமும் இப்படியே நடந்தா கரி அடைச்சுக்கும். அந்த அஞ்சாவது இன்ஜெக்டர் மூக்குலயும் கரி கட்டினா டீசல் பூந்தூறலா விழாம ஒழுகும், சூடு வராது, நாத்தத்தோட வெள்ளைப்புகை கக்கும், டேஷ்போர்டுல லைட் எரியும், அப்புறம் பவர் குறைஞ்சிரும். புது டி.பி.எஃப். ஆயிரக்கணக்கான டாலர். கழட்டி வீசிட்டு ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னாக் கேக்காதீங்க, சட்டப்படி குத்தம்.

குறிப்பா இந்த 2.8 விஷயத்துல, 2015 அக்டோபர்ல இருந்து 2020 ஏப்ரல் வரைக்கும் வித்த பிராடோ, ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளோட டி.பி.எஃப். குறைபாட்டுக்காக டொயோட்டா மேல கூட்டு வழக்கே நடந்துச்சு. நீங்க பார்த்த வண்டி சரியா அந்தக் காலத்துது. கரியை எரின்னு நாமளே அமுக்கி விடற சுவிட்ச் அப்புறம் வந்த ஏற்பாடு. மனசு இன்னும் டீசல் பக்கமே இருந்தா, வின் நம்பரை (வண்டியோட சேசிஸ் அடையாள எண்) கொடுத்து, இந்த வண்டிக்கு டி.பி.எஃப். வேலை என்னென்ன முடிஞ்சிருக்குதுன்னு டீலர்கிட்டக் கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

வேற பல கம்பெனி டீசல்ல அஞ்சாவது இன்ஜெக்டர் கிடையாது, சிலிண்டருக்குள்ளயே கூடுதலா டீசலை விட்டு எரிப்பாங்க. அதுல அடிக்கடி பாதியில நிறுத்தினா மிச்ச டீசல் வழிஞ்சு ஆயிலோட கலக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கும், டீசல் வாடை அடிக்கும். அப்படி இருந்தா அந்த வண்டியை விட்டுருங்க.

இன்னும் பழசாப் போனா 3.0 டீசல் பிராடோ கிடைக்கும், 2015 வரைக்கும் வந்தது. டி.பி.எஃப். தொல்லை இல்லை. ஆனா அதுக்கு வேற வினை. இன்ஜெக்டருக்கு அடியில இருக்கிற செம்பு வாஷர் சீல் கசிஞ்சா எரிஞ்ச வாயு ஆயிலுக்குள்ள இறங்கும். ஆயில் கெட்டிப்பட்டுக் கரியாகி, சம்புக்குள்ள (என்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கற தொட்டி) ஆயில் உறிஞ்சற வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் போச்சுன்னா என்ஜினே போச்சு. அதனால சீல் எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க, சம்பை இறக்கி வலையைப் பார்த்தாங்களான்னும் கேளுங்க. டைமிங் பெல்ட் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தோணும். 2.8-லயும் வி6-லயும் செயின், அந்தச் செலவு இல்லை.

டீசல் எதைப் பார்க்கப் போனாலும், "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு விக்கிறவர்கிட்டச் சொல்லி வைங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிருங்க, குளிர்ந்த ஸ்டார்ட்லதான் உண்மை தெரியும். கொஞ்ச நேரம் வெள்ளைப்புகையும் லொட்டு லொட்டுன்னு சத்தமும் வந்தா இன்ஜெக்டர் சந்தேகம். நீலப்புகை ஆயில் எரியறது. மிதிக்கும்போது கரும்புகைன்னா காத்து பத்தலை, இல்லை டீசல் கூடுது. ஓட விட்டுட்டு ஆயில் மூடியைத் திறங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டு விட்டுத் தள்ளினா, சிலிண்டர் வாயு கீழே இறங்குதுன்னு அர்த்தம். ஸ்கேனர் வச்சிருக்கிற மெக்கானிக் இன்ஜெக்டர் ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைச்சுச் சரிக்கட்டுதுங்கற அளவையும், டி.பி.எஃப். கரி அளவையும் படிச்சுச் சொல்லிருவார்.

வி6-ல பார்க்க வேண்டியது குறைவு. குளிர்ந்த ஸ்டார்ட்ல செயின் கடகடங்குதான்னு கேளுங்க. இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டுட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னாடி நீலப்புகை வருதான்னு கண்ணாடியில பாருங்க. திக்கித் திக்கி ஓடினா காயில், இல்லை பிளக். அதெல்லாம் சில நூறு டாலர் வேலை. 91 பெட்ரோலே போதும். உட்பகுதி ரோட்ஹவுஸ் சிலதுல 91-க்குப் பதிலா ஓபல்னு ஒரு பெட்ரோல் விப்பாங்க, அதையும் தாராளமாப் போடலாம். முன்பின் டேங்க் சேர்ந்து 150 லிட்டர் பிடிக்கும், வெளியூர் ஓட்டத்துல ஆயிரம் கிலோமீட்டர் வரும். "டீசல்தான் தூரம் போகும்"ங்கற கவலை வேண்டாம். மணல்ல எதுவா இருந்தாலும் டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கிட்டுத்தான் இறங்கோணும்.

என் பேச்சை மாத்திக்கிற ஒரே இடம் இழுவை. ரெண்டு டன் கேரவானை மாட்டிட்டு வருஷாவருஷம் வடக்கே புரூம் வரைக்கும் போறதா இருந்தா டீசல்தான். ஆட்டோமேட்டிக் 2.8-க்கு 1,600 ஆர்.பி.எம்.லயே 450 நியூட்டன் மீட்டர் இழுவை கிடைக்கும். வி6-க்கு 381-தான், அதுவும் 4,400-ல. லோடோட மேடேறும்போது வி6 கத்திக்கிட்டே ஏறும், நூறுக்கு இருபது லிட்டருக்கு மேல குடிக்கும். தினமும் ஃப்ரீவேயில நாப்பது நிமிஷம் ஓட்டற வேலைக்கு மாறினாலும் டீசல் சரிதான். உங்க கடிதத்துல ரெண்டும் இல்லை.

எதை வாங்கினாலும் வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. கடற்கரை மணல்ல ஓடின வண்டிக்கு உப்பு ஏறியிருக்கும். டார்ச்சோட சேசிஸ் உள்பக்கம், பிரேக் பைப், ஸ்டெப்னி தொங்கற இடம் மூணையும் பாருங்க. மேல் துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையில குத்தினா பொரிஞ்சு உதிருதுன்னா வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவுல வருஷாவருஷம் சோதனை கிடையாது, அதனால ரெஜோ (வண்டிப் பதிவு) இருக்குதுங்கறதை வச்சு வண்டி நல்லாயிருக்குன்னு நம்பிராதீங்க. ஃபோர் வீல் டிரைவ் தெரிஞ்ச தனி மெக்கானிக்கிட்டக் காசு கொடுத்துக் காட்டுங்க. பணம் கொடுக்கிற அன்னைக்கே பி.பி.எஸ்.ஆர்.னு அடமானக் கடன் பதிவேட்டுத் தளத்துல வின் நம்பரைப் போட்டு 2 டாலர்ல தேடுங்க. வண்டி மேல பாக்கிக் கடன் இருந்தா அதுல வந்துரும், அந்தச் சான்றிதழைச் சேமிச்சு வைங்க. பேர் மாத்தற காகிதத்தை 14 நாளுக்குள்ள கொடுத்துருங்க. வாங்கின விலைக்குத் தகுந்த முத்திரை வரி தனியா வரும், அதையும் பட்ஜெட்ல வச்சுக்குங்க.