கார் வரையும் மகளை உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது?

மதிப்புக்குரிய ஐயா,

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள் நாள் முழுவதும் செடான் (பின்னே தனி டிக்கி உள்ள) கார்களையே வரைந்துகொண்டிருப்பதாகவும், களுவாஞ்சிக்குடியில் உறவினர் அதைப் பிழைப்புக்கு உதவாத ஆசை என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் கோடுகள் தயங்காமல் ஓடியிருக்கின்றன. ஆனால் கார் வடிவமைப்புத் துறைக்குக் கை மட்டும் போதாது. ஒரு கார் ஏன் அழகாக இருக்கிறது என்று காரணத்தோடு சொல்லவும் அவருக்குத் தெரிய வேண்டும்.

முகவிளக்கும் குரோம் பட்டையுமே அழகைத் தருகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அவையெல்லாம் கடைசியில் சேர்பவை. பொனட், ஆட்கள் அமரும் பகுதி, டிக்கி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் அமைந்துள்ளன, சில்லுகள் உடலின் உயரத்துக்கு ஈடாக உள்ளனவா, முன்சில்லுக்கும் முன்கதவுக்கும் இடையே எவ்வளவு இடம் விடப்பட்டுள்ளது என்பவற்றையே கண் முதலில் அளக்கிறது. எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சில்லுகளை இயக்கும் மேர்சிடிஸ் பென்ஸ் போன்ற செடான்களில் அந்த இடைவெளி நீண்டிருப்பதால், கார் நிற்கும்போதே ஒரு மிடுக்குத் தெரியும். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை இயக்கும் சாதாரணக் குடும்பக் கார்களிலோ சில்லு கதவை நெருங்கிவிட, மூக்கு முன்னே துருத்திக்கொள்கிறது.

நம் வீதிகளில் ஓடும் டொயோட்டா பிரீமியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஒரு கார் சிறிய வகையாகப் பதிவாக வேண்டுமானால் அதன் அகலம் 1.7 மீற்றரைத் தாண்டக்கூடாது. பிரீமியோவின் அகலம் 1,695 மில்லிமீற்றர். அந்த வரம்புக்குள் உள்ளே இருப்பவரின் தோளுக்கு இடம் ஒதுக்கிவிட்டால், வெளிப்புறத் தகட்டைப் புடைக்கச் செய்ய வடிவமைப்பாளருக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். அதனாலேயே அதன் பக்கங்கள் அடக்கமாக இருக்கின்றன. (அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும், இளையோர் பலருக்குப் பிடிப்பதில்லை.) கிடைக்கும் அந்தச் சிறு வளைவிலும் ஒளி நெளியாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே, கணினி வந்த பின்னரும் கார் நிறுவனங்கள் முழு அளவில் களிமண் மாதிரி செய்து பார்க்கின்றன.

இனி மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பி.எம்.டபிள்யூ செடான்களில் பக்கவாட்டுப் பின் ஜன்னலின் அடிமூலை முன்நோக்கி மடங்கியிருக்கும். 1961 முதல் அந்த நிறுவனம் விடாமல் பேணிவரும் அடையாளம் அது. அந்த மடிப்பை எடுத்துவிட்டு வரைந்தால் கார் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். பாரம் பின்சில்லின் மேல் ஊன்றி நிற்பது போன்ற தோற்றம் குறைகிறது என்ற கருத்தில் அவர் எதையாவது சொன்னால், தடுக்க வேண்டாம். வரைந்து காட்டாமல் "வடிவாக இல்லை" என்று மட்டும் சொன்னால் இன்னும் ஓராண்டு பார்க்கலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் கார் வடிவமைப்புக்கென்றே வேலைகள் மிக அரிது. அத்தொழிலுக்குக் கடல் கடக்கத்தான் வேண்டியிருக்கும். ஆயினும் அதே பயிற்சி பெற்றவர் தளபாடம், வீட்டுப் பொருள், பைபர் படகு ஆகியவற்றின் வடிவமைப்பிலும் வேலை தேடலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு; அதற்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதன் பிறகு, இந்தியாவின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் காந்திநகரில் நடத்தும் வாகன வடிவமைப்பு முதுகலைப் படிப்பு போன்றவற்றுக்கு முயலலாம். டாட்டா நிறுவனத்தில் வடிவமைப்புத் தலைவராக இருந்த பிரதாப் போஸ் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவரே.

உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவையே நான் பரிந்துரைக்கிறேன், கணிதப் பாடத்தில் அவரது பெறுபேறு அதற்கு இடமளித்தால். வடிவமைப்புக்கு இடம் கிடைக்காவிட்டாலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்படப் பொறியியற் பீடங்களின் கதவு திறந்திருக்கும். கணிதம் இயலாதெனில் வற்புறுத்த வேண்டாம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கும் வழியும் உண்டு. எப்பிரிவைத் தெரிவுசெய்வதற்கு முன்னும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் வடிவமைப்புப் பட்டத்துக்குரிய தகைமைகளை மகளோடு அமர்ந்து வாசியுங்கள். சாதாரண தரத்தில் கேட்கப்படும் சித்திகளையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.