மோசமான அதிபர் யார்? பெயரைத் தேர்வதற்கு முன் அளவுகோல்

கேள்வி: கல்லூரிகளுக்கு இடையிலான விவாதப் போட்டியில் ‘நவீன அமெரிக்க அதிபர்களில் மிக மோசமாக ஆட்சி செய்தவர் யார்?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அணியில் ஒருவர் ஹூவர் என்கிறார், இன்னொருவர் கார்ட்டர் என்கிறார், நான் டிரம்ப் என்கிறேன். யாரை எடுத்துக்கொண்டால் வாதம் நிற்கும்? கருத்துக்கணிப்புகளைச் சான்றாகக் காட்டலாமா?
- முதுகலை வரலாறு மாணவி

பதில்: கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்காதீர்கள். 1952 பிப்ரவரியில் ட்ரூமனுக்கு இருந்த ஆதரவு வெறும் 22 சதவீதம். இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை முதல் பத்துப் பேருக்குள் வைக்கிறார்கள். ஜார்ஜ் புஷ்ஷுக்கு (இளையவர்) 2001 செப்டம்பரில் 90 சதவீதம் வரை ஏறிய ஆதரவு 2008-இல் 25-க்கு இறங்கியது. மக்களின் அன்றைய மனநிலையைத் தாண்டி இந்த எண்கள் அதிகம் சொல்வதில்லை.

நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: அதிபரின் தலையில் வந்து விழுந்த துன்பத்தையும், அவராகத் தேடிச் செய்த காரியத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு, அந்தக் காரியத்தைச் செய்தபோது அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதிப் பெயர்கள் உதிர்ந்துவிடும்.

கார்ட்டர் முதலில் உதிர்வார். விலைவாசி ஏற்றம் அவருக்கு முன்பே தொடங்கியது. அதை அடக்க 1979-இல் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராக நியமித்தவரே அவர்தான். விலைவாசியை அடக்க வோல்க்கர் விதித்த கடும் வட்டியின் வலி கார்ட்டர் காலத்தில் வந்தது, பலன் அடுத்து வந்த ரீகன் காலத்தில் கிடைத்தது.

ஹூவர் வழக்கு சிக்கலானது. ‘நவீன’ என்பதை 1933-இல் ரூஸ்வெல்ட் பதவியேற்றதிலிருந்து கணக்கிடும் வழக்கம் உண்டு. அப்படியானால் அவர் வரம்புக்கு வெளியே போய்விடுவார். நடுவர்கள் வரையறுக்கவில்லை என்றால் முதல் நிமிடத்திலேயே நீங்கள் வரையறுத்துவிடுங்கள். 1929-இல் பங்குச்சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியபோது அவர் பதவிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் 1930-இல் இறக்குமதி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டது மட்டும் முழுக்க அவர் பொறுப்பு.

டிரம்ப்பைப் பற்றி. சி-ஸ்பான் தொலைக்காட்சி 2021-இல் வரலாற்றாசிரியர்களிடம் நடத்திய மதிப்பீட்டில் அவருக்கு 44 பேரில் 41-ஆவது இடம். அவருக்குக் கீழே இருந்த மூவருமே உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்தவர்கள். ஆனால் எதிரணி, “பதவியிலிருந்து இறங்கிய சில மாதங்களில் எடுத்த மதிப்பீடு இது, 2024-இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்களே” என்று கேட்கும். இந்தப் பெயரில் நீங்கள் உறுதியாக இருந்தால் தேர்தல் தோல்வியை ஏற்காத அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 என்ற ஒரே நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தம் உரையை முடித்ததிலிருந்து, கலவரக்காரர்களை வீட்டுக்குப் போகச் சொல்லும் காணொளி வெளிவரும்வரை 187 நிமிடங்கள் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு கணக்கிட்டது. அதைவிட்டு விலகினால் வாதம் அன்றாடச் செய்திச் சண்டையாகிவிடும்.

என் தேர்வு நிக்சன். காரணம், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 1969 மார்ச்சில் கம்போடியாமீது ரகசியக் குண்டுவீச்சு தொடங்கியபோது, நாடாளுமன்றத்துக்குத் தெரியாமலிருக்க இராணுவப் பதிவேடுகளிலேயே பொய்யான இடங்கள் எழுதப்பட்டன. 1971 ஏப்ரலில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசத்தின்) டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சக அலுவலர்களும், பாகிஸ்தான் இராணுவத்தின் படுகொலை கண்ணெதிரே நடக்கிறது, நம் அரசு வாய்மூடி இருக்கிறது என்று தந்தி அனுப்பினார்கள். நிக்சன் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானைக் கைவிடவில்லை. பிளட்தான் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். தம் சொந்த அதிகாரிகளே எழுதிக் கொடுத்த உண்மையைத் தள்ளிய இந்தச் செயலை, வாட்டர்கேட்டைவிடக் கொடியதாகவே நான் கருதுகிறேன்.

வாட்டர்கேட்டில் உங்களுக்குக் கிடைப்பது மறுக்க முடியாத சான்று. 1972 ஜூன் 17 அன்று, வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டட வளாகத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். ஆறே நாளில், ஜூன் 23 அன்று, தலைமை உதவியாளர் ஹால்ட்மன் ஒரு யோசனை சொல்கிறார்: உளவு நிறுவனமான சிஐஏவைக் கொண்டு, இந்த வழக்கை விசாரித்த உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் புலனாய்வை நிறுத்தச் செய்வது. நிக்சன் சம்மதிக்கிறார். அவரே பொருத்தச் சொன்ன ஒலிப்பதிவுக் கருவி இதைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மறுத்துவந்தவர், ஒலிப்பதிவுகளை ஒப்படைக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1974 ஆகஸ்ட் 5-இல் அந்தப் பதிவின் எழுத்து வடிவத்தை வெளியிட்டார். நான்கே நாளில் பதவி போயிற்று.

எதிரணி 1972 சீனப் பயணத்தையும், அவர் உருவாக்கிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தையும் கட்டாயம் எடுக்கும். இரண்டும் பெரிய சாதனைகள் என்று தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தச் சீனத் தொடர்புக்குப் பாகிஸ்தான்தான் ரகசிய வழியாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்கா தந்தி ஏன் அலட்சியப்படுத்தப்பட்டது என்பது அவைக்குப் புரியும். புஷ்ஷின் ஈராக் போரை ஒப்பிட்டால், பேரழிவு ஆயுதம் உண்டு என்று அவர் நம்பியிருக்கலாம் என்ற வாதத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. நிக்சனுக்கு அந்த இடம் இல்லை.

போட்டிக்கு முன் ஜூன் 23 ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை முழுவதும் வாசியுங்கள். நிக்சன் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.