கேமராவுக்குன்னு தனி பேக் வாங்கியே ஆகணுமா?

கேள்வி: மிரர்லெஸ் கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) ஒண்ணு, அதோட சேர்ந்து வந்த கிட் லென்ஸ், ஒரு 70-300 ஜூம் லென்ஸ், சின்ன ஃபிளாஷ், இவ்வளவுதான் எங்கிட்ட இருக்கு. இப்போதைக்கு பழைய காலேஜ் பேக்ல துண்டு சுத்தி வச்சு எடுத்துட்டுப் போறேன். நல்ல கேமரா பேக் எல்லாம் லென்ஸ் விலை சொல்றாங்க, மலிவா இருக்குறதை நம்பவும் பயமா இருக்கு. எதைப் பார்த்து வாங்குறது?

பதில்: அந்த காலேஜ் பேக்கை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்ட்ராப் கிழியாம, ஜிப் சிக்காம, முதுகுல ஒழுங்கா உக்காருதுன்னா பாதி வேலை முடிஞ்சுது. மீதிக்கு கேமரா இன்சர்ட்னு தனியா விக்கிறாங்க, சுத்தியும் ஃபோம் வச்சு உள்ள வெல்க்ரோ தடுப்போட இருக்கும், அதை அப்படியே பேக்குக்குள்ள இறக்கிட்டா போதும், செலவும் முழு கேமரா பேக் அளவுக்கு ஆகாது. வெளியில இருந்து பார்த்தா உள்ள கேமரா இருக்குன்னே தெரியாதுங்குறது இதுல இன்னொரு லாபம், கேமரா கம்பெனி பேரை பெருசா முதுகுல மாட்டிட்டு கூட்டத்துக்குள்ள நடக்குறதை விட இது எவ்வளவோ மேல்.

வாங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எப்படி வைப்பீங்களோ அப்படியே ஒரு பேப்பர் மேல பரப்பி வச்சு, சுத்தி கோடு போட்டு அளந்துக்கோங்க, லென்ஸ் பாடியிலயே மாட்டி இருக்குற மாதிரி அளக்கணும், ஏன்னா எடுத்த உடனே படம் புடிக்கத்தானே கேமராவே! லிட்டர் கணக்கை நம்பாதீங்க, அது பேக்கோட மொத்தக் கொள்ளளவு, உள்பக்க நீளம் அகலம் ஆழம் எத்தனை சென்டிமீட்டர்னு பாருங்க. ஆழம் பத்தலைன்னா கேமராவோட கைப்பிடி முட்டி ஜிப் மூடாது.

அப்புறம், இன்சர்ட்டை அடியில போட்டா வெயிட் மொத்தமும் இடுப்புக்குக் கீழ தொங்கி தோள்பட்டையைப் பின்னாடி இழுக்கும். அதனால அடியில ஒரு ஸ்வெட்டரோ துணியோ சுருட்டி வச்சுட்டு அதுக்கு மேல இன்சர்ட்டை வைங்க, கனமான லென்ஸ் முதுகை ஒட்டுன பக்கம் வரணும். கீழ வைக்கும்போது அந்தத் துணியே அதிர்ச்சியையும் வாங்கிக்கும்.

இல்லைங்க, எனக்கு கேமரா பேக்தான் வேணும்னா மலிவான பேக்ல மூணு இடத்தை கையால சோதிச்சுப் பாருங்க. தடுப்பை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அழுத்துங்க, விரல் ரெண்டும் ஒட்டுற மாதிரி அமுங்குச்சுன்னா அது ஃபோம் இல்ல, பஞ்சு, வேண்டாம். தோள் ஸ்ட்ராப் பேக்ல சேர்ற இடத்துல தையல் ஒரே ஒரு கோடா ஓடியிருந்தா வேண்டாம், கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தைச்சிருந்தா தாராளமா வாங்கலாம். கடைசியா ஜிப், மூலை திரும்புற இடத்துல ஒரு கையால இழுத்துப் பாருங்க, அங்க சிக்குனா உள்ள ஜாமான் போட்டதும் இன்னும் மோசமா சிக்கும். துணி 600 டெனியர் (நூலோட கனத்தைச் சொல்ற அளவு) பாலியெஸ்டரா இருந்தாலே சாதாரண உபயோகத்துக்குப் போதும். ட்ரைபாட் ஸ்ட்ராப், லேப்டாப் அறை எல்லாம் இருந்தா சந்தோஷம், அதுக்காக காசு கூடக் குடுக்காதீங்க.

கேள்வி: ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’னு போட்டிருந்தா மழையில தைரியமா போகலாமா?

பதில்: தூறலுக்குத் தாங்கும், அடிச்சு ஊத்துற மழைக்குத் தாங்காது. துணி தாங்குனாலும் தையல் ஓட்டை வழியாவும் ஜிப் வழியாவும் தண்ணி இறங்கிடும். தனியா ஒரு ரெயின் கவர் வாங்கிக்கோங்க, அவசரத்துக்கு பெரிய பிளாஸ்டிக் பை கூடப் போதும். நனைஞ்சு வந்தா அன்னைக்கே கேமராவை வெளிய எடுத்துட்டு பேக்கைத் திறந்து காய விடுங்க, ஈர ஃபோமுக்குள்ள மாசக்கணக்குல லென்ஸ் கிடந்தா ஃபங்கஸ் புடிக்கும், அதை க்ளீன் பண்ற செலவுல நாலு பேக் வாங்கலாம்.

கேள்வி: ஃபிளைட்ல இதே பேக்கை செக்-இன் பண்ணிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கைப்பையா கூடவே எடுத்துட்டுப் போங்க. நிறைய ஏர்லைன்ஸ்ல 7 கிலோதான் அனுமதி, அதனால காலி பேக்கே ரெண்டு கிலோ இருக்கான்னு முதல்ல பாருங்க. ஸ்பேர் லித்தியம் பேட்டரியை செக்-இன் லக்கேஜ்ல போடவே கூடாது, அது விதி. முனை ஒண்ணோட ஒண்ணு உரசாம மூடி போட்டு கைப்பையில வச்சுக்கோங்க.